ஆட்சி மாறும்போது வாக்கும் மாறலாமா?

பாராளுமன்றத் தேர்தல் வந்துவிட்டால் இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பேச்சுக்குப் பஞ்சம் இராது. குடிநீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, நூல் விலை ஏறுமா இறங்குமா, சத்திரப்பட்டியில் நெய்யும் மருத்துவத் துணிக்கு நல்ல விலை கிடைக்குமா, இன்னும் ஒரு இரயில் விடுவார்களா என்றெல்லாம் தெருமுனையிலும் தேநீர்க் கடையிலும் அலசித் தீர்க்கிறோம். பேச வேண்டியவைதாம். ஆனால் நாம் டெல்லிக்கு அனுப்பும் உறுப்பினர் போரையும் சமாதானத்தையும் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை பெற்றவர் என்ற நினைவு மட்டும் யாருக்கும் வருவதில்லை. அயல்நாட்டுக் கொள்கை என்றால் அது ஏதோ பெரிய இடத்துச் சங்கதி, நமக்கும் அதற்கும் வெகு தூரம் என்று ஒதுங்கி விடுகிறோம். அந்தத் தூரம் எவ்வளவு குறைவு என்பதைத்தான் இங்கே எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

1999-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் பிரதமர் வாஜ்பாய் மக்களவையில் நம்பிக்கை வாக்குக் கோரினார். ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே ஓட்டில் அரசு கவிழ்ந்தது. மூன்று நாட்களுக்கு முன் தன் ஆதரவை விலக்கிக்கொண்டு இந்த வாக்கெடுப்புக்கு வழி செய்தது, 18 உறுப்பினர்களைக் கொண்டிருந்த அ.தி.மு.க. அந்த ஓர் ஓட்டு யாருடையது என்ற விவாதம் பின்னர் பல காலம் நடந்தது. ஒரிசாவின் முதலமைச்சரான பின்னும் மக்களவைப் பதவியைத் துறக்காதிருந்த கிரிதர் கமாங்கின் ஓட்டு என்பர் சிலர். தம் கட்சியின் கட்டளையை மீறி வாக்களித்த சைபுதீன் சோஸின் ஓட்டு என்பர் வேறு சிலர். நம்மைக் கேட்டால் 270 பேரில் ஒவ்வொருவருடையதும் அந்த ஓட்டே.

ஒரு கட்சியைக் குறை கூறுவது இம்மலரின் வேலையன்று. 1997 நவம்பரில் குஜ்ரால் அரசு கவிழ்ந்ததும் தமிழ்நாட்டை முன்னிட்டே. ராஜீவ் காந்தி கொலை பற்றிய ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கையைக் காட்டி, தி.மு.க. அமைச்சர்களை நீக்குமாறு காங்கிரஸ் கேட்டது, பிரதமர் மறுத்தார், ஆதரவு போயிற்று. ஆக, இரு கழகங்களையும் முன்னிட்டு ஆளுக்கோர் ஆட்சி கவிழ்ந்தது என்று கணக்கு நேராயிற்று! இரண்டுக்கும் நடுவில், 1998 மே 11, 13 ஆகிய நாட்களில், போக்ரான் பாலைவனத்தில் இந்தியா ஐந்து அணுச் சோதனைகளை நடத்தியது. அந்தச் சோதனைகளை முன்னின்று நடத்தியவர்களுள் இராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாமும், சென்னையில் பிறந்த ஆர். சிதம்பரமும் இருந்தனர் என்பதில் நமக்கெல்லாம் பெருமை. பெருமைப்பட்டோம், இனிப்பும் வழங்கினோம். அணுகுண்டு உள்ள நாட்டில் பதினொரு மாதங்களில் ஆட்சி கவிழ்ந்தால் உலகம் அதை எப்படிப் பார்க்கும் என்று மட்டும் நாம் யோசிக்கவில்லை.

ஆட்சி கவிழ்வதே தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. மக்களாட்சியில் அது இயல்பு. போகிறவர் கொடுத்த வாக்கை வருகிறவர் ஏற்று நடத்துகிறாரா என்பதே கேள்வி. இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு.

1952-ஆம் ஆண்டின் முதல் பொதுத் தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் தனி மக்களவைத் தொகுதியாக இருந்தது. அங்கிருந்து டெல்லிக்கு அனுப்பப்பட்டவர் காமராசர். இரண்டே ஆண்டுகளில் அவர் முதலமைச்சராகிச் சென்னைக்குத் திரும்பிவிட்டார் என்பது வேறு. பின்னர் அகில இந்தியக் காங்கிரஸின் தலைவராக இருந்தபோது அவருக்கு இரண்டு முறை ஒரே சோதனை வந்தது. 1964 மே 27-இல் நேரு மறைந்தார்; கட்சியினர் ஒவ்வொருவரையும் கலந்துகொண்டு, சண்டை சச்சரவின்றி லால் பகதூர் சாஸ்திரியைப் பிரதமராக்கினார். அந்த ஆண்டு அக்டோபரில் சீனா தன் முதல் அணுகுண்டை வெடித்தது. அடுத்த ஆண்டு பாகிஸ்தானோடு போர் மூண்டது. 1966 ஜனவரி 10-ஆம் நாள் தாஷ்கண்டில் சாஸ்திரியும் அயூப் கானும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். அன்றிரவே, விடிவதற்குள், சாஸ்திரி அந்த அயலூரில் உயிர் நீத்தார்.

எண்ணிப் பாருங்கள். கையெழுத்தின் மை உலரும் முன் கையெழுத்திட்டவர் இல்லை. நம் வீரர்கள் உயிர் கொடுத்துப் பிடித்த ஹாஜி பீர் கணவாயைத் திருப்பித் தருவதா என்று நாடெங்கும் கொதிப்பு. புதிய பிரதமருக்கு ஒப்பந்தத்தைத் தட்டிக் கழிக்கக் காரணம் வேண்டுமென்றால் கைநிறையக் கிடைத்திருக்கும். மொரார்ஜி தேசாயும் போட்டியிட்டதால் இம்முறை கட்சிக்குள் ஓட்டெடுப்பே நடந்தது. ஆயினும் இரு வாரங்களுக்குள், ஜனவரி 24-இல், இந்திரா காந்தி பதவியேற்றார். குறித்தபடி பிப்ரவரி 25-க்குள் இரு நாட்டுப் படைகளும் போருக்கு முந்தைய இடங்களுக்குத் திரும்பின. அந்த ஒப்பந்தம் நல்லதா கெட்டதா என்பதில் பெரியவர்களிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. நமக்கு முக்கியமானது, இந்தியாவின் பெயரால் ஒருவர் சொன்ன சொல்லை இன்னொருவர் காப்பாற்றினார் என்பது.

முப்பது ஆண்டுகள் கழித்துக் காட்சி எப்படி இருந்தது? 1990-களில் ஆட்சிகள் வந்த வேகம் நமக்கே மறந்துபோகும். 1991-இன் தொடக்கத்தில் வளைகுடாப் போர். சந்திரசேகர் அரசு, வெளியிலிருந்து காங்கிரஸ் தந்த ஆதரவில் நின்றது. அமெரிக்க இராணுவ விமானங்கள் நம் நாட்டு விமான நிலையங்களில் எரிபொருள் நிரப்பிக்கொள்ள அனுமதி தரப்பட்டது, காங்கிரஸ் எதிர்த்தது, பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. கொடுத்தது சரியா, நிறுத்தியது சரியா என்பது இருக்கட்டும். இன்று தருவதாகச் சொல்லி நாளை இல்லை என்பவரிடம் அடுத்த முறை யார் வருவார்? மார்ச்சில் அந்த அரசும் விழுந்தது. மே மாதம், காபந்து அரசின் காலத்தில், அந்நியச் செலாவணிக்கு வழியின்றி 20 டன் தங்கம் சுவிட்சர்லாந்துக்குப் போயிற்று. வீட்டில் நகை அடகுக்குப் போனால் அந்த வீட்டுக்காரரின் சொல்லுக்குக் கடைத்தெருவில் என்ன மதிப்பு என்று நம் தாய்மார்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பின்னர் 1996 மே முதல் 1998 மார்ச் வரையிலான இரண்டு ஆண்டுகளுக்குள் நரசிம்ம ராவ், வாஜ்பாய், தேவகௌடா, குஜ்ரால், மீண்டும் வாஜ்பாய் என்று பிரதமர் நாற்காலி கைமாறிற்று. இதில் வியப்பு என்னவென்றால் அணுகுண்டு மட்டும் பத்திரமாகக் கைமாறியது. 1995 டிசம்பரில் ராவ் காலத்துத் தயாரிப்புகளை அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் கண்டுவிட்டதால் சோதனை நின்றது. ஆனால் எல்லாம் ஆயத்தமாக இருப்பதை ராவ் தமக்குத் தெரிவித்துச் சென்றார் என்று வாஜ்பாயே பிற்காலத்தில் வெளிப்படையாகக் கூறினார். இரு எதிர்க்கட்சிக்காரர்கள்! குண்டைப் பற்றி இவ்வளவு ஒழுங்காகப் பொறுப்பு மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு, அக்குண்டின் பேரில் உலகுக்குக் கொடுக்கும் வாக்கை மாற்றிக்கொடுக்க மட்டும் தெரியவில்லை.

சோதனைக்குப் பின் அமெரிக்கா பொருளாதாரத் தடை விதித்தது. ஜப்பான் புதிய கடனுதவியை நிறுத்தியது. ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு மன்றம் 1998 ஜூன் 6-இல் இந்தியாவையும் பாகிஸ்தானையும் கண்டித்துத் தீர்மானம் போட்டது. இறுக்கத்தைத் தளர்த்த ஜஸ்வந்த் சிங்கும் அமெரிக்காவின் ஸ்ட்ரோப் டால்பட்டும் சுற்றுச் சுற்றாகப் பேசினர். செப்டம்பரில் ஐ.நா. பொதுச் சபையில் பேசிய வாஜ்பாய், அணுச் சோதனைத் தடை ஒப்பந்தம் அடுத்த ஆண்டு செப்டம்பருக்குள் நடைமுறைக்கு வர இந்தியா தடையாக இராது எனும் பொருள்படச் சொன்னார். நாள் குறித்துத் தந்த வாக்கு அது. ஏப்ரலில் ஒரு ஓட்டில் அரசு போனதும் அந்த வாக்கைக் கேட்க ஆளில்லை. காபந்து அரசு அத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது; எதிர்க்கட்சிகளுக்கோ அது தாங்கள் கொடுத்த வாக்கன்று.

அதற்குள் கார்கில் வந்துவிட்டது. ஆட்சி கவிழ்ந்ததால்தான் பாகிஸ்தான் ஊடுருவியது என்று சொல்வோர் உளர். அது சரியன்று. அந்த ஏற்பாடு குளிர்காலத்திலேயே தொடங்கியது. மே மாதத் தொடக்கத்தில்தான் நமக்குத் தெரிய வந்தது. ஆயினும் அணு ஆயுதம் கொண்ட இரு நாடுகள் மோதிய அந்த வாரங்களில் இந்தியாவில் மக்களவை கலைக்கப்பட்டிருந்தது. மாநிலங்களவையையாவது கூட்டுங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன, அரசு கூட்டவில்லை, அனைத்துக் கட்சிக் கூட்டத்தோடு முடித்துக்கொண்டது. இது தவறு என்பதே நம் கருத்து. 527 வீரர்கள் உயிரிழந்த போரில், படாலிக் மலையில் வீழ்ந்த திருச்சியின் மேஜர் சரவணனைப் போன்றோர் மாண்ட நாட்களில், மக்களின் சபை ஒன்றுகூட அமர்ந்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பாராட்டவும் வேண்டும். எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று அரசு உத்தரவிட்டது. படையினர் அதற்குக் கட்டுப்பட்டே மலையுச்சிகளை மீட்டனர். தேர்தல் நெருங்கும் வேளையில் கைதட்டல் வாங்க அதைத் தாண்டச் சொல்வது எளிது. தாண்டாமல் இருந்ததனால்தான் உலக நாடுகள் நம் பக்கம் நின்றன. ஜூலை 4-ஆம் நாள் வாஷிங்டனுக்கு ஓடிய நவாஸ் ஷெரீப்பிடம், படைகளைப் பின்வாங்கு என்று அமெரிக்க அதிபர் கிளிண்டன் சொன்னார்.

அந்த நவாஸ் ஷெரீப்தான் பிப்ரவரி மாதம் லாகூருக்குப் பேருந்தில் வந்த வாஜ்பாயை வாகா எல்லையில் கட்டித் தழுவி வரவேற்றவர். பிப்ரவரி 21-இல் இருவரும் லாகூர்ப் பிரகடனத்தில் கையெழுத்திட்டனர். அப்போதே அவருடைய தளபதிகள் கார்கில் மலைகளுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கையெழுத்து ஒருவரிடம், அதிகாரம் வேறொருவரிடம். பாகிஸ்தானில் இதுநாள் வரை ஒரு பிரதமர்கூட ஐந்தாண்டுப் பதவிக்காலத்தை முழுமையாக முடித்ததில்லை. அப்படிப்பட்ட நாட்டோடு யாரிடம் பேசுவது என்பதே முதல் தலைவலி.

1999 அக்டோபரில் இரண்டு நாட்களைப் பாருங்கள். 12-ஆம் நாள் தளபதி முஷாரப் ஆட்சியைப் பிடித்தார். ஷெரீப் காவலில் வைக்கப்பட்டார். 13-ஆம் நாள் டெல்லியில், தேர்தலில் வென்ற வாஜ்பாய் மீண்டும் பிரதமராகப் பதவியேற்றார். அதே 13-ஆம் நாள் வாஷிங்டனில், நம்மைக் கையெழுத்திடச் சொல்லி வற்புறுத்திய அந்தச் சோதனைத் தடை ஒப்பந்தத்தை, அமெரிக்காவின் செனட் சபை 51-க்கு 48 என்று தள்ளிவிட்டது. ஆக, வாக்குத் தவறுவது ஏழை நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. லாகூரில் கைகுலுக்கிய இருவரில் ஒருவர் சிறையில், மற்றவர் சிம்மாசனத்தில். 2001 ஜூலையில் ஆக்ராவில் வாஜ்பாய் பேச வேண்டியிருந்தது, கார்கிலை நடத்திய அதே முஷாரப்புடன்தான்.

பழைய கதை என்று தள்ள வேண்டாம். 2022 மார்ச் 8-ஆம் நாள் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் மீது எதிர்க்கட்சிகள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொடுத்தன. மறுநாள் மாலை, இந்தியாவிலிருந்து தவறுதலாகப் புறப்பட்ட ஓர் ஏவுகணை பாகிஸ்தானின் மியான் சன்னு ஊரருகே விழுந்தது. வெடிபொருள் இல்லை, யாரும் சாகவில்லை. இரண்டு நாள் கழித்து இந்தியா தவற்றை ஒப்புக்கொண்டது. பின்னர் மூன்று விமானப்படை அதிகாரிகள் பதவி நீக்கப்பட்டனர். நாற்காலி ஆடிக்கொண்டிருந்த ஒரு பிரதமர், தம் வீரத்தைக் காட்ட அதை ஒரு வாய்ப்பாகக் கொண்டிருந்தால்? நல்ல வேளை, கொள்ளவில்லை. பக்கத்திலுள்ள சிவகாசிப் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையை, இன்று போர்மேன் யார் என்று தெரியாத நிலையில், எவரும் திறக்கச் சொல்வார்களா?

டெல்லியும் லாகூரும் தொலைவு என்று தோன்றினால் தெற்கே பார்ப்போம். நம் சஞ்சீவி மலைக்கும் செண்பகத்தோப்புக்கும் பின்னால் எழும் மேற்குத் தொடர்ச்சி மலை, தெற்கே போகப் போக மகேந்திரகிரியில் வந்து நிற்கிறது. அதற்குத் தெற்கே கடலோரம் கூடங்குளம். 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு ஒப்பந்தம் செய்தார்கள். சோவியத் யூனியனைப் போல் உறுதியான நாடு இல்லை என்று அன்று எல்லாரும் நம்பினர். 1991 ஆகஸ்டில் அங்கே கலகம். கோர்பச்சேவ் கிரிமியாவில் சிறை வைக்கப்பட்டார். அணு ஆயுதங்களை ஏவும் அதிகாரப் பெட்டி மூன்று நாள் யார் கையில் என்று உலகம் நடுங்கியது. ஆண்டு முடிவதற்குள் நாடே இல்லை. கூடங்குளம் கிடப்பில் போயிற்று. 1998 ஜூனில்தான் ரஷ்யாவோடு மறு ஒப்பந்தம். முதல் உலையில் மின்சாரம் பிறந்தது 2013-இல். அணுமின் நிலையம் வேண்டும் என்பாரும் வேண்டாம் என்பாரும் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அந்த வழக்குக்குள் நாம் இப்போது போகவில்லை. மகேந்திரகிரியின் கதையும் இதுவே. இராக்கெட்டுக்கான கிரையோஜெனிக் இயந்திரத்தோடு அதன் தொழில்நுட்பத்தையும் தருவதாக மாஸ்கோ ஒப்புக்கொண்டிருந்தது. கையில் காசின்றித் தள்ளாடிய புதிய ரஷ்யா, 1993-இல் அமெரிக்காவின் நெருக்குதலுக்கு இணங்கி, இயந்திரம் மட்டும் தருவோம், தொழில்நுட்பம் தரோம் என்றது. நம் பொறியாளர்கள் மகேந்திரகிரியில் தாமே முயன்று, சோதித்து, தோற்று, மீண்டும் சோதித்து, நம் இயந்திரத்தோடு ஜி.எஸ்.எல்.வி. வெற்றியாகப் பறந்தது 2014 ஜனவரியில். எங்கோ ஓர் ஆட்சி சரிந்ததற்கு நெல்லைச் சீமை கொடுத்த விலை இருபது ஆண்டு.

அப்படியானால் அசையாத ஆட்சிதான் வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். 1975 முதல் 1977 வரை இந்தியாவில் அசையாத ஆட்சி இருந்தது. வாய் திறந்தவர்கள் சிறையில் இருந்தார்கள். சோவியத் ஆட்சியும் எழுபது ஆண்டு அசையவில்லை. அசைந்தபோது மொத்தமாக இடிந்தது. நாம் கேட்பது மிகச் சாதாரணமான ஒன்று. நம்மில் பலருடைய பெற்றோர் நூற்பு ஆலைகளில் வேலை செய்கிறார்கள். சங்கு ஊதியதும் ஒரு ஷிப்டு வெளியே வரும், மறு ஷிப்டு உள்ளே போகும். அதற்காக எந்திரம் ஓட்டத்தை நிறுத்துவதில்லை. எந்தப் பக்கத்தில் இழை அதிகம் அறுகிறது என்பதை வருகிறவரிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறவர் போவார். அவர்கள் இருவரும் வேறு வேறு சங்கத்தைச் சேர்ந்தவர்களாகக்கூட இருக்கலாம்.

டெல்லியிலும் இது நடந்திருக்கிறது. 1994-இல் காஷ்மீர்ப் பிரச்சினை ஜெனீவாவில் மனித உரிமை ஆணையத்தின் முன் வந்தபோது, பிரதமர் ராவ் இந்தியக் குழுவின் தலைவராக அனுப்பியது எதிர்க்கட்சித் தலைவர் வாஜ்பாயை. அந்நாளில் பிறர் அதிசயித்தார்கள். அதிசயமாக இருக்கக் கூடாது, வழக்கமாக இருக்க வேண்டும் என்கிறோம். நம் அரசியல் சட்டப்படி அயல்நாட்டு ஒப்பந்தத்துக்குப் பாராளுமன்றத்தின் முன் ஒப்புதல் தேவையில்லை. அணு ஆயுதம் பற்றிய வாக்குறுதிகளையேனும் முன்கூட்டி இரு சபைகளிலும் வைத்து விவாதித்திருந்தால், 1999-இல் எந்தக் கட்சி வந்தாலும் அது தன் வாக்கு என்று ஏற்றிருக்கும். அதற்கு மாறாக நடந்தது என்ன? அந்த ஆகஸ்டு 17-ஆம் நாள், நாம் முதலில் அணுகுண்டை எறிய மாட்டோம் என்ற கொள்கையைச் சொல்லும் வரைவு அறிக்கையை ஒரு காபந்து அரசு, தேர்தல் பிரசாரத்துக்கு நடுவில் வெளியிட்டது. கொள்கை நல்லது. சொன்ன நேரம் நல்லதன்று. அரசு அதை முறைப்படி ஏற்று அறிவிக்க 2003 ஜனவரி ஆயிற்று.

2009 முதல் நம் இரு ஊர்களும் தென்காசி மக்களவைத் தொகுதியில் அடங்கியவை. 18 வயது நிரம்பினால் ஓட்டு என்பது 1989 முதல் சட்டம். மேல் வகுப்பு அக்காமார்களில் பலர் அடுத்த தேர்தலில் வாக்குச் சாவடிக்குப் போவார்கள். வேட்பாளர் தெருவுக்குள் வரும்போது குடிநீரைப் பற்றிக் கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள். கூடவே இன்னொன்றும்: ஐயா, உங்கள் கட்சி ஓர் அரசைக் கவிழ்க்க நேர்ந்தால், அந்த அரசு அயல்நாட்டுக்குக் கொடுத்த வாக்கை என்ன செய்வீர்கள்? பதில் வராமற் போகலாம். கேட்டது ஒரு பெண் என்று சிரிக்கவும் கூடும். தெருவுக்குத் தெரு கேட்டால் சிரிப்பு நின்றுவிடும்.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். 1988 டிசம்பர் 31-ஆம் நாள் ராஜீவ் காந்தியும் பேநசீர் பூட்டோவும், ஒருவர் நாட்டு அணு நிலையங்களை மற்றவர் தாக்குவதில்லை என்று ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். அடுத்த ஆண்டு இறுதியில் ராஜீவ் பதவியில் இல்லை. அதற்கடுத்த ஆகஸ்டில் பேநசீரும் இல்லை. பின்னாளில் இருவருமே கொலையுண்டார்கள். ஒப்பந்தப்படி 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி முதல் நாள் டெல்லியும் இஸ்லாமாபாத்தும் தத்தம் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. கார்கிலுக்குப் பின் வந்த ஜனவரியிலும் கொடுத்தார்கள். முஷாரப் ஆட்சியிலும் கொடுத்தார்கள். இரு படைகளும் எல்லையில் எதிரெதிரே நின்ற 2002-இலும் கொடுத்தார்கள். நாம் புத்தாண்டுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பும் அந்தக் காலை வேளையில், அங்கே இரு தலைநகரங்களிலும் இரண்டு அதிகாரிகள் ஒரு தாளை நீட்டி மற்றொரு தாளை வாங்கிக்கொள்கிறார்கள்.